நெஞ்செலும்பின் பின்னே ஒரு நாற்றங்கால்

ஆழ்வார்குறிச்சிப் பக்கம் கற்பூரவல்லியை அறியாத வீடு கிடையாது. கிணற்றடியிலோ மாடிப்படி ஓரத்துத் தொட்டியிலோ தானாகத் தழைத்துக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக் கடனாநதியில் புதுவெள்ளம் ஓடும் நாட்களில் பிள்ளைகளுக்கு நெஞ்சுச்சளி கட்டும். பாட்டிமார் நாலு இலையைப் பறித்துத் தணலில் வாட்டிச் சாறு பிழிவார்கள். வயிறு பொருமினால் ஓமத்தை வறுத்துக் கொதிக்கவைத்த தண்ணீர். இந்த இலையையும் அந்த ஓமத்தையும் கசக்கி முகர்ந்தால் வாசம் ஏறக்குறைய ஒன்றுதான். கற்பூரவல்லிக்கு ஓமவல்லி என்று இன்னொரு பெயர் வந்தது இப்படித்தான்.

தாவரவியல் கணக்கில் இரண்டும் தூரத்துச் செடிகள். கற்பூரவல்லி, துளசியும் தும்பையும் புதினாவும் சேர்ந்த குடும்பம். ஓமம், சீரகமும் கொத்தமல்லியும் சேர்ந்த குடும்பம். இவற்றுக்கு ஒரே வாசம் வரக் காரணம் தைமால், கார்வக்ரால் என்ற இரண்டு மூலக்கூறுகள். இரண்டிலும் 10 கார்பன், 14 ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன் அணுக்கள். ஆக்சிஜன் ஒட்டியிருக்கும் இடம் மட்டுமே வேறு. ஓம எண்ணெயில் தைமால் மிகுதி. கற்பூரவல்லி எண்ணெயில் கார்வக்ராலும் தைமாலும் கலந்திருக்கும். மண்ணுக்கும் பருவத்துக்கும் ஏற்ப அளவு மாறும்.

தைமாலுக்குப் பெயர் கொடுத்தது தைம் என்ற மூன்றாவது செடி. மத்தியதரைக் கடலோரக் குன்றுகளில் வளரும் சிறு புதர். கற்பூரவல்லியின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் பேரினத்துக்குத் தாவரவியலர் இட்ட பெயர் தைமஸ். இமயமலையில் காட்டுத் தைம் வகைகள் உண்டு. நம் பொதிகை மலையில் அது இயல்பாக வளர்வதில்லை, நீலகிரியில் பயிரிடுகிறார்கள். 1719இல் ஜெர்மானிய வேதியியலர் காஸ்பர் நாய்மன் தைம் எண்ணெயிலிருந்து தைமாலைப் பிரித்தெடுத்தார். பாக்டீரியாவின் மேலுறையைக் குலைத்து அதைக் கொல்லும் ஆற்றல் இதற்கு உண்டு. இன்றும் வாய் கொப்பளிக்கும் திரவங்களில் சேர்க்கிறார்கள். 1909இல் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் ராக்ஃபெல்லர் குழு கொக்கிப்புழு ஒழிப்பில் இறங்கியபோது மக்களுக்குக் கொடுத்த முக்கிய மருந்தும் தைமால்தான். வெறுங்காலின் தோலைத் துளைத்துக்கொண்டு ஏறி, குடலில் தங்கி இரத்தம் குடிக்கும் புழு அது.

இதே தைமஸ் என்ற பெயரை நம் உடலுக்குள் ஓர் உறுப்பும் சுமக்கிறது. நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே, இரண்டு மடல்களாகப் படர்ந்திருக்கும் தைமஸ் சுரப்பி. அதன் வடிவம் தைம் இலையையோ பூங்கொத்தையோ ஒத்திருந்ததால் கிரேக்கர் அப்படி அழைத்தார்கள் என்பது பரவலான விளக்கம். இரண்டுக்கும் உள்ள உறவு அந்தப் பெயரோடு முடிகிறது. தைம் செடியிலோ ஓமத்திலோ கற்பூரவல்லியிலோ இருக்கும் எதுவும் இந்தச் சுரப்பியை வளர்ப்பதாக மனிதரில் நிறுவப்படவில்லை. அப்படியானால் அதை வளர்ப்பது எது? அந்தக் கேள்விக்கான விடையின் முக்கியமான ஒரு பகுதி நம் குன்னூரில் கிடைத்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

வேலை தெரியாத உறுப்பு

2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மருத்துவர் கேலன், இந்தச் சுரப்பி இளம் உயிர்களில் பெரிதாகவும் வளர வளரச் சிறுத்தும் போவதைக் கவனித்தார். கவனிப்பு சரி. ஏன் என்பது 1,700 ஆண்டுகளுக்கும் மேல் புரியவில்லை. வளர்ந்த விலங்கில் தைமஸை வெட்டி எடுத்தால் ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததால், பரிணாமத்தில் வேலை முடிந்து மிஞ்சிய எச்சம் என்றே 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பலர் நினைத்தார்கள்.

அந்த எண்ணத்தை உடைத்தவர் ஜாக் மில்லர். 1931இல் பிரான்சில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர். லண்டனில் எலிகளின் இரத்தப் புற்றுநோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். அந்த ஆய்வின் போக்கில், பிறந்தவுடனேயே எலிக்குஞ்சுகளின் தைமஸை எடுத்துப் பார்த்தார். குஞ்சுகள் சில வாரம் நன்றாக இருந்தன. பிறகு மெலிந்தன, சாதாரணக் கிருமிகளுக்கே பலியாயின. வேறு எலியின் தோலை ஒட்டவைத்தால், அந்நியத் தோலை உதற வேண்டிய உடல் அதை அப்படியே ஏற்றுக்கொண்டது. 1961இல் ‘லான்செட்’ இதழில் இதை வெளியிட்டார். எதிர்ப்பாற்றலின் முக்கியமான ஒரு செல்படை தைமஸில்தான் உருவாகிறது என்பது உலகுக்குத் தெரிந்தது. தைமஸிலிருந்து வருவதால் அவற்றுக்கு டி செல்கள் என்று பெயர்.

வளர்ந்த விலங்கில் ஒன்றும் ஆகாமல், குஞ்சில் மட்டும் ஏன் இந்தக் கேடு? தாமிரபரணிப் பாசனத்தில் பிசான நெல் சாகுபடி செய்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தைமஸ் ஒரு நாற்றங்கால். நாற்றைப் பறித்து வயலில் நட்ட பிறகு நாற்றங்காலை உழுது போட்டாலும் பயிருக்கு உடனே கேடில்லை. நாற்று எழும்பும் முன்பே அதை அழித்தால் அந்தப் போகமே இல்லை.

நூறில் தொண்ணூற்றைந்துக்கு மேல் கழிவு

இந்த நாற்றங்காலில் நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். மனித உடலில் நடக்கும் மிகக் கடுமையான தேர்வு இது.

விதை வருவது எலும்பு மஜ்ஜையிலிருந்து. இரத்த ஓட்டத்தில் மிதந்து வரும் முன்னோடிச் செல்கள் தைமஸின் புறப்பகுதியில் குடியேறிப் பெருகுகின்றன. ஒவ்வொன்றும் தன் மரபணுவின் சில துண்டுகளை வெட்டி, மாற்றி ஒட்டி, தனக்கென்று ஓர் உணரியைச் செய்துகொள்கிறது. எந்தக் கிருமி எப்போது வரும் என்று உடலுக்குத் தெரியாது. ஆகவே கோடிக்கணக்கான விதங்களில் உணரிகளைத் தற்செயலாக உண்டாக்கி வைத்துக்கொள்கிறது.

தற்செயலாக உண்டாவதில் ஆபத்து உண்டு. சில உணரிகள் எதையும் பிடிக்காது, வீண். சில நம் சொந்த உடலையே பிடிக்கும். அவை வெளியே போனால் கணையத்தையோ மூட்டையோ நரம்பையோ தாக்கும். எனவே முதல் சோதனை புறப்பகுதியில்: உடலின் செல்கள் தம் மேற்பரப்பில் புரதத் துண்டுகளை ஏந்திக் காட்டும் அமைப்பை இந்த உணரி அடையாளம் காண்கிறதா? காணாதவை மடிகின்றன. இரண்டாவது சோதனை உட்பகுதியில்: சொந்தப் புரதங்களோடு மிக இறுக்கமாகப் பிணைகிறதா? பிணைபவற்றில் பெரும்பாலானவை அழிக்கப்படுகின்றன.

இரண்டாம் சோதனைக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. இன்சுலின் சுரப்பது கணையம். நெஞ்சில் இருக்கும் தைமஸில் இன்சுலினுக்கு என்ன வேலை? 1997இல் அடையாளம் காணப்பட்ட ஏர் என்ற மரபணு இதற்கு விடை தந்தது. அந்த மரபணுவின் ஏவலால் தைமஸின் உட்பகுதிச் செல்கள், உடலின் பல உறுப்புகளுக்கே உரிய புரதங்களைத் தாமே சிறிது சிறிது தயாரித்துக் காட்டுகின்றன. ஏர் மரபணு பழுதுபட்ட குழந்தைகளில் டி செல்கள் சொந்தச் சுரப்பிகளையே ஒவ்வொன்றாகத் தாக்குகின்றன.

உள்ளே பெருகும் இளம் செல்களில் நூறில் தொண்ணூற்றைந்துக்கு மேல் தைமஸிலேயே மடிகின்றன. தேறியவை இரத்தத்தில் கலந்து நிணநீர்க் கணுக்களுக்கும் மண்ணீரலுக்கும் போய்ச் சேர்கின்றன. தேறியவற்றில் ஒரு பகுதி மற்ற டி செல்களைக் கட்டுக்குள் வைக்கும் காவல் செல்கள். பிறந்த மூன்றாம் நாளில் தைமஸை எடுத்த எலிகளுக்குத் தன்னைத் தானே தாக்கும் நோய்கள் ஏன் வருகின்றன என்ற கேள்வியிலிருந்து தொடங்கி, ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி 1995இல் அந்தச் செல்களை இனங்கண்டார். 2025ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசை மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் ஆகியோருடன் அவர் பகிர்ந்துகொண்டார்.

குன்னூர்ப் புறாக்கள்

மில்லருக்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன், தைமஸின் வேலை என்னவென்றே தெரியாத காலத்தில், அதன் பலவீனம் என்னவென்று குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஒருவர் கண்டுவிட்டார். அவர் ராபர்ட் மெக்காரிசன். இந்திய மருத்துவப் பணியில் இருந்த அதிகாரி. 1918இல் பெரிபெரி நோயை ஆராய அங்கே ஒரு சிறு பிரிவைத் தொடங்கினார். அன்று தவிடு நீக்கித் தீட்டிய அரிசியை மட்டுமே உண்டு வாழ்ந்த ஆசிய மக்களைக் கைகால் செயலிழக்கச் செய்துகொண்டிருந்த நோய் அது.

மெக்காரிசன் புறாக்களுக்குத் தீட்டிய அரிசியை, அழுத்த நீராவியில் வேகவைத்து மீதமிருந்த உயிர்ச்சத்தையும் போக்கிய பிறகு, உணவாகக் கொடுத்தார். நோயுற்ற புறாக்களின் உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து நிறுத்துப் பார்த்தார். நரம்பைத் தாக்கும் நோய் என்பதால் எல்லோரும் நரம்பையே பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. அவர் உடல் முழுவதையும் பார்த்தார். 1919இல் வெளியிட்ட ஆய்வில், சத்துக் குறைவால் சுருங்கும் உறுப்புகளை எது அதிகம் எது குறைவு என்று வரிசைப்படுத்தினார். அந்த வரிசையில் முதலிடம் தைமஸ். விரை, மண்ணீரல், கணையம், இதயம், ஈரல் எல்லாம் அதற்குப் பின்னால். கடைசி இடம் மூளை.

மூளை கடைசியாகச் சுருங்குவதையும் தைமஸ் முதலில் சுருங்குவதையும் சேர்த்துப் பார்த்தால் உடலின் சிக்கனக் கணக்கு புரிகிறது. இன்று உயிர்தரிக்க மூளை வேண்டும். நாளை வரக்கூடிய கிருமிக்கான தயாரிப்பு தைமஸில் நடக்கிறது. பஞ்சம் வந்தால் உடல் நாளைய செலவை நிறுத்துகிறது. நூறு நாற்று எழுப்பி ஐந்தைக்கூடத் தேற்றாத நாற்றங்காலுக்குப் புரதமும் துத்தநாகமும் ஏராளமாக வேண்டும். வரத்து நின்றவுடன் முதலில் வாடுவது அதுதான்.

அதே புறாக்களில் மெக்காரிசன் இன்னொன்றும் கண்டார். மற்ற உறுப்புகள் சுருங்க, சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பி பெருத்திருந்தது. 1936இல் மான்ட்ரியாலில் ஹான்ஸ் செலியே, எலிகளைக் குளிர், காயம், நஞ்சு என்று எதனால் வருத்தினாலும் அட்ரினல் பெருப்பதும் தைமஸ் சுருங்குவதும் சேர்ந்தே வருகின்றன என்று எழுதினார். அட்ரினல் சுரக்கும் கார்ட்டிசோல் வகை ஹார்மோன்கள் தைமஸின் இளம் செல்களைக் கொல்கின்றன என்பது இன்று பாடநூல் செய்தி. பட்டினி, நோய், நீடித்த அச்சம் மூன்றும் இந்த வழியாகவும் வந்து தைமஸைத் தாக்குகின்றன.

மெக்காரிசனின் சிறு பிரிவு வளர்ந்து குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வகம் ஆனது. 1958இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.

ஏழைகளின் உடலை அளந்த பிழை

தைமஸைப் பட்டினி முதலில் தாக்கும் என்பது தெரியாமல் போனதற்கு மேலைநாட்டுக் குழந்தைகள் பெரிய விலை கொடுத்தார்கள். மருத்துவக் கல்லூரிகளில் அறுத்துப் படிக்கக் கிடைத்த உடல்கள் பெரும்பாலும் ஏழைகளுடையவை. நாட்பட்ட நோயிலும் பட்டினியிலும் இறந்தவர்களுடையவை. அவற்றில் தைமஸ் சுருங்கியிருந்தது. அந்தச் சுருங்கிய அளவே இயல்பு என்று எழுதிவைத்தார்கள். நன்றாக உண்டு வளர்ந்த குழந்தை திடீரென்று இறந்தால், அதன் இயல்பான தைமஸ் அவர்கள் கண்ணுக்கு வீங்கியதாகத் தெரிந்தது. அந்த வீக்கமே மூச்சை அடைத்தது என்று முடிவு கட்டினார்கள்.

1907 முதல் ‘வீங்கிய’ தைமஸைச் சுருக்க எக்ஸ் கதிர் பாய்ச்சத் தொடங்கினார்கள். ஆயிரக்கணக்கான நலமான குழந்தைகளுக்கு இப்படிச் செய்யப்பட்டது. தைமஸுக்கு மேலே கழுத்தில் இருப்பது தைராய்டு. 1950இல், தைராய்டு புற்றுநோய் வந்த சிறுவர்களில் கணிசமானோர் கைக்குழந்தையாக இருந்தபோது தைமஸ் கதிர்ச் சிகிச்சை பெற்றவர்கள் என்று அமெரிக்க மருத்துவர்கள் காட்டினார்கள். வறியவரின் உடலை மனிதகுலத்தின் அளவுகோலாகக் கொண்டதால் நேர்ந்த கொடுமை இது.

தாய்ப்பாலும் பஞ்சப் பருவமும்

இப்போது அல்ட்ராசவுண்ட் மூலம் குழந்தைக்கு நோகாமல் தைமஸை அளக்க முடிகிறது. 1996இல் டென்மார்க் ஆய்வாளர்கள் நான்கு மாதக் குழந்தைகளை அளந்தார்கள். தாய்ப்பால் மட்டுமே குடித்தவர்களின் தைமஸ், புட்டிப்பால் மட்டும் குடித்தவர்களுடையதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு இருந்தது.

மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியாவில் கிராமங்கள் மழையை நம்பி விதைக்கின்றன. பழைய தானியம் தீர்ந்து புது அறுவடை வராத மாதங்களை அங்கே பசிப் பருவம் என்கிறார்கள். அந்த மாதங்களில் பிறந்தவர்கள், அறுவடைக் காலத்தில் பிறந்தவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக, இளமைப் பருவத்தில், பெரும்பாலும் தொற்று நோய்களால் இறந்திருந்தார்கள் என்று 1997இல் வெளியான ஆய்வு காட்டியது. பிறந்தபோது இருந்த பசியின் கணக்கு, பல ஆண்டுகள் கழித்து அந்த உடலில் தீர்க்கப்பட்டிருக்கிறது. இதற்குத் தைமஸ் ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஐயுற்றவர்கள் அங்கே குழந்தைகளை அளந்தபோது, பசிப் பருவத்தில் தைமஸ் சிறுத்திருந்தது தெரிந்தது. வறட்சியில் எழுப்பிய நாற்றின் குறையை, நட்ட பிறகு விடும் தண்ணீரால் முழுதும் ஈடுகட்ட முடிவதில்லை.

மனிதக் குழந்தையில் இந்த நாற்றங்கால் கருப்பையிலேயே வேலையைத் தொடங்கிவிடுகிறது. உடல் எடையோடு ஒப்பிட்டால் தைமஸ் மிகப் பெரிதாக இருப்பது பிறந்த காலத்தில். பூப்பெய்தும் வயது வரை வளர்ந்து, பிறகு மெல்ல மெல்லக் கொழுப்பாக மாறுகிறது. முதுமையில் புதுக் கிருமிகளிடம் நாம் எளிதில் தோற்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனாலும் பெரியவர்களுக்கு அது முற்றிலும் தேவையற்றது என்ற பழைய நம்பிக்கை இப்போது தளர்ந்துவிட்டது. 2023இல் பாஸ்டன் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், தைமஸ் அகற்றப்பட்ட பெரியவர்களில் 8.1 விழுக்காட்டினர் ஐந்தாண்டுகளுக்குள் இறந்திருந்தார்கள். தைமஸை எடுக்காமல் வேறு நெஞ்சு அறுவை செய்துகொண்ட ஒப்பீட்டுக் குழுவில் அது 2.8 விழுக்காடு.

நம் சோற்றின் கதை

1956இல் முதலமைச்சர் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தை எட்டயபுரத்தில் தொடங்கிவைத்தார். அன்று எட்டயபுரம் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. தைமஸின் வேலையை மில்லர் உலகுக்குச் சொன்னது அதற்கு ஐந்து ஆண்டுகள் கழித்து. பசித்த பிள்ளை படிக்க முடியாது என்ற ஒரே நியாயத்தில் போடப்பட்ட சோறு, அந்தப் பிள்ளைகளின் நெஞ்செலும்புக்குப் பின்னாலும் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2022இல் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. தைமஸ் வளரும் வயது வரை இந்தத் தட்டுகள் பிள்ளையோடு இருக்கின்றன.

ஆனால் அதன் முக்கியமான ஆண்டுகள் பள்ளிக்கு முந்தியவை. கர்ப்பிணி உண்ணும் உணவும், முதல் ஆறு மாதத் தாய்ப்பாலும், அங்கன்வாடியில் கிடைக்கும் சத்துமாவும்தான் அங்கே பேசும். மூன்று வேளையும் வெறும் சோறும் ரசமும் என்று வளரும் பிள்ளையின் வயிறு நிரம்பும். புரதமும் துத்தநாகமும் போதாது. பருப்பு, முட்டை, மீன், கடலை, எள், கேழ்வரகு, கீரை என்று தட்டு நிறைய வேண்டும்.

அரிசியிலும் தேர்வு இருக்கிறது. ஆழ்வார்குறிச்சிக்குப் பக்கத்திலேயே இருக்கும் அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த ஏ.எஸ்.டி. 16 ரகம் தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் பெயர்பெற்றது. நெல்லை ஊறவைத்துப் புழுக்கும்போது தவிட்டில் இருக்கும் பி1 உயிர்ச்சத்தின் ஒரு பகுதி அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் ஓரளவு தங்குகிறது. புழுங்கல் அரிசி உண்ணும் மக்களிடம் பெரிபெரி அரிதாக இருந்ததற்குக் காரணம் இதுதான். குன்னூர்ப் புறாக்களுக்கு மறுக்கப்பட்டதை நம் புழுங்கல் சோறு பாதுகாத்துக் கொடுத்துவந்திருக்கிறது. அதை விட்டு, வெள்ளை வெளேரென்று தீட்டிய பச்சரிசிக்கு மாறுவது முன்னேற்றம் ஆகாது.

இனி, செடிகளுக்கு உரிய இடம். தைமஸைத் தூண்டும் என்று மூலிகைப் பொடிகள் விற்கப்படுகின்றன. நெஞ்செலும்பைத் தட்டினால் தைமஸ் விழிக்கும் என்று காணொளிகள் சுற்றுகின்றன. தட்டினால் விழிக்கும் உறுப்பு அல்ல அது. கற்பூரவல்லி ரசமும் ஓமத் தண்ணீரும் வளர்ந்தவர்களின் தொண்டைக்கும் வயிற்றுக்கும் இதம் தருபவை. அந்த மதிப்போடு அவை நம் அடுப்படியில் இருக்கட்டும். ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்குத் தாய்ப்பால் தவிர எதுவும் வேண்டாம்: ஓமத் தண்ணீரும் உரைமருந்தும் வெறும் தண்ணீரும்கூட. தேனில் ஒரு கொடிய நச்சுக் கிருமியின் விதைகள் இருக்கக்கூடும் என்பதால் ஒரு வயது வரை தேனும் கூடாது. குழந்தையின் மூக்கருகே கற்பூரத் தைலம் தடவக் கூடாது. தடுப்பூசி அட்டவணையைத் தவறவிடக் கூடாது. தைமஸ் வளர்த்தனுப்பிய செல்களுக்குக் கிருமியை நோயில்லாமல் அறிமுகப்படுத்தும் வழி அதுதான்.

ஒரு பிள்ளைக்கு அடிக்கடி சளியும் காய்ச்சலும் வந்தால், மருந்து தேடும் முன் அது நேற்று என்ன சாப்பிட்டது என்று கேளுங்கள். அங்கன்வாடிக்குக் கூட்டிப்போய் எடை பாருங்கள். எடை ஏறவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். அந்த வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவர் தட்டில் முதலில் பரிமாறச் சொல்லுங்கள். வீட்டில் எல்லோரும் உண்ட பிறகு மிஞ்சியதை அவர் உண்ணும் வழக்கம் இன்றைக்கே நிற்க வேண்டும். அடுத்த தலைமுறையின் எதிர்ப்பாற்றல் அந்தத் தட்டிலிருந்துதான் தொடங்குகிறது.